வாலில் இருந்தவன்

என் மாமியார் மேவிஸ் பிடித்த பிடியை விடாதவர். மாமனார் வால்ட்டர் நாற்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியதற்கே ஒரு சிலை வைக்கலாம். பால்காரரோடு சண்டை, பாதிரியாரின் பிரசங்கத்தில் குற்றம், நான் வேகவைக்கும் உருளைக்கிழங்கில் குற்றம். இதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. அந்தக் கல் விவகாரம்தான் என் உயிரை எடுத்தது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் இருக்கும் எங்கள் ஊரில், இப்போது பீட்ரூட் வயலாகிவிட்ட ஓர் இடம் இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்களின் ஓடுதளம். 1943-இல் ஒரு ராத்திரி ஜெர்மனிக்குப் போய்த் திரும்பாத ஒரு விமானத்தின் ஏழு பேருக்கு, ஐம்பது வருடம் கழித்து ஊர்க் கமிட்டி நினைவுக்கல் செய்தது. அதில் ஒருவன் லென் டாஸ்கர். வால்ட்டருக்கு முன்னால் மேவிஸுக்கு நிச்சயமாகியிருந்தவன். விமானத்தின் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தவன்.

கல்லில் அவனை பைலட் ஆக்கிவிட்டார்கள்.

திருத்தச் சொல்லி மேவிஸ் கமிட்டிக்கு அனுப்பியது ஏழு கடிதம். ஏழையும் தட்டச்சு செய்தது நான். "கமா போட்டியா?" என்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பார். பதில்தான் வரவில்லை. கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு கமிட்டிக் கூட்டத்துக்கே போனார்.

தலைவர் நெவில் வாயில் பிளம் பிரெட் என்கிற பழரொட்டியோடு வரவேற்றார். "நம்ம ஊர் மாப்பிள்ளை ஆகவேண்டியவர்னு ஒரு படி ஏத்தித்தானேம்மா போட்டோம்! கோவிச்சுக்கறீங்களே?"

"யாருடா உன்னை ஏத்தச் சொன்னா? ஏற்கெனவே ஒரு பைலட் பேர் இருக்கு. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி வழி ஓட்டினாங்களா?"

"கல்லுல வெட்டியாச்சும்மா. அடுத்த ஞாயிறு திறப்பு விழா. யாரு இதையெல்லாம் கவனிக்கப்போறா?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "விடுங்க அத்தை. பைலட்னா அவருக்குப் பெருமைதானே? வீட்டுக்குப் போலாம் வாங்க."

மேவிஸ் நெவிலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விமானம் கிளம்புற நேரத்துல ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் ஓடுதளத்துக் கடைசியில, வேலி ஓரமா நின்னு கை காட்டுவோம் ஜூடித். நான் பாத்திரம் துடைக்கிற துணியை ஆட்டுவேன். பைலட்டுக்கு அது தெரியாது. அவன் முன்னாடிதான் பாப்பான். எங்களைத் தாண்டிப் போனப்புறம் வால்ல இருக்கறவனுக்கு மட்டும்தான் நாங்க தெரிவோம். லென் துப்பாக்கியை ரெண்டு தடவை மேலயும் கீழயும் ஆட்டுவான். பாத்துட்டேன்னு அர்த்தம். கடைசி நாளும் ஆட்டினான்."

நெவில் மெல்லுவதை நிறுத்தினார்.

"அவனை பைலட் ஆக்கிட்டா, அன்னைக்கு என்னைப் பாத்தது யாருடி?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு கடிதத்திலும் கமாவை மட்டுமே பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, அவர் சொல்லாமலே எட்டாவது கடிதத்தைத் தட்டினேன். கல்லை மாற்றாவிட்டால் திறப்பு விழாவுக்கு உளியோடு வருவேன் என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.