பச்சைத் துணி எழுந்தபோது: நந்தனத்தில் ஒரு கார்ட் பந்தயம்

மோட்டார் பந்தயம் பற்றி எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கும் புத்தகங்களையெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் ஒரு பந்தயத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்த சனிக்கிழமை, நந்தனத்தில் ஒரு மைதானத்தில் மாணவர்களுக்கான கார்ட் பந்தயம் நடப்பதாகத் தெரிந்தது. கார்ட் என்பது கூரையும் கதவும் இல்லாத, தரையோடு ஒட்டி ஓடும் குட்டிப் பந்தய வண்டி. பள்ளி இதழுக்காக எழுதுகிறேன் என்று அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். மாணவச் செய்தியாளர் அட்டை தருவதாகப் பதில் வந்ததும் அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மந்தைவெளியிலிருந்து நந்தனம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். மெட்ரோ வேலைக்காகப் பல தெருக்களில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருப்பதால் பேருந்தை நம்பாமல் ஆட்டோ பிடித்தேன். நூற்று இருபது ரூபாய். அம்மா வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டுதான் ஏற்றிவிட்டார். ரேஸ் பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் சிரித்தார். "இதுக்குப் போயி டிக்கெட்டா? நான் தெனம் ஓட்டிக்கினு கீறேன், ஒருத்தனும் கைதட்ட மாட்றான்." ஒன்பது மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பார்வையாளர்களுக்கு நுழைவுக் கட்டணம் நூற்றைம்பது. செய்தியாளர்களுக்குத் தனி வாசல். அங்கே ஊடகப் பொறுப்பாளர் டில்லிபாபு சார் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். ஷூ போட்டிருந்ததால் முதல் தேர்வில் தேறினேன். துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொன்னார். சக்கரத்தில் சிக்கிவிடுமாம். பிறகு அட்டையில் இருந்த வயதைப் பார்த்தார்.

"பதினஞ்சா? டிராக் ஓரம் கெடையாது. பதினாறு ஆவணும். மேடைக்குப் போ."

"சார், வண்டி ஓட்டுறவங்கள்லயே பதினாலு வயசு இருக்காங்களே?"

"அதுங்க தலையில ஹெல்மெட் கீது, கழுத்துல பட்டை கீது, ஒடம்பு பூரா சூட் கீது. உங்கையில இன்னா கீது? பேனா." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. செய்தியாளர்களுக்கான ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார். "வண்டி மோதுனா எங்க ஆளுங்க பச்சைத் துணி தூக்குவாங்க. துணி மேல போனா கேமரா கீழ வரணும். அவ்ளோதான்."

மேடை ஓராள் உயரம். இரும்புக் குழாய்களைக் கட்டிப் பலகை போட்டிருந்தார்கள். டயர் அடுக்கிய சுவர்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து போவது முழுக்கத் தெரிந்தது. கேமரா, பள்ளிப் புகைப்பட மன்றத்தினுடையது; தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும் நீண்ட லென்ஸ் அதில் உண்டு. மேடைக்கும் பார்வையாளர் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலைதான். வலைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்களாம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சிவப்பு வண்டி ஓட்டும் கனி அவருடைய மகள்.

"அவ அப்பாதான் வந்திருக்கணும். கடையில கல்யாணச் சீர்சாமான் எடுக்க ஆள் வந்துட்டு, என்னைய அனுப்பிட்டாவ. எனக்கு இது ஒண்ணும் வெளங்காது பிள்ள. அந்தக் கடைசி வளைவு வந்தா கண்ண மூடிக்கிடுவேன்" என்று வலை வழியாக எனக்கு ஒரு முறுக்கைத் தள்ளினார்.

பந்தயம் தொடங்கியதும் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. எந்தப் புத்தகத்திலும் அதைப் படித்த ஞாபகம் இல்லை. கனி மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆறாவது சுற்றில், எங்களுக்கு எதிர்ப்புறத்து வளைவில், பின்னால் வந்த நீல வண்டி சிவப்பு வண்டியின் சக்கரத்தை உரசியது. சிவப்பு வண்டி டயர்ச் சுவரில் ஏறிக் கவிழ்ந்தது. கார்ட்டில் இருக்கைப்பட்டை கிடையாது. கனி தனியாகத் தூக்கி எறியப்பட்டாள்.

சிவப்புக் கொடி அசைந்தது. எல்லா வண்டிகளும் நின்றன. களப் பணியாளர்கள் ஓடினார்கள், பச்சைத் துணியை விரித்துப் பிடித்தார்கள். மேடையில் எல்லோரும் கேமராவை இறக்கினார்கள். நானும் இறக்கினேன்.

அந்த அம்மா பாதைக்குப் போகும் கதவுக்கு ஓடினார். "டாக்டர் பார்க்கட்டும்மா, யாரும் உள்ள போகக்கூடாது" என்று காவலர் தடுத்துவிட்டார். திரும்பி வந்து வலையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, ஒங் கேமராவுல தெரியுமா? பாத்துச் சொல்லு. ஒரு வார்த்தை சொல்லு."

அடிபட்டவரை ஊர் வேடிக்கை பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் துணி. ஆனால் இவர் ஊர் இல்லையே, அம்மா அல்லவா? விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு கேமராவைத் தூக்கினேன். "ஏய், எறக்கு!" என்றார் பக்கத்துப் புகைப்படக்காரர்.

துணியின் விளிம்புக்கு மேலே கொஞ்சம்தான் தெரிந்தது. 'ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள்' என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் அது எனக்குத் தெரியாது.

"டாக்டர் முட்டி போட்டிருக்காங்க. ஒருத்தர் தலைய அசையாம பிடிச்சிருக்காரு."

"அழுதாளா?"

"முகம் தெரியலம்மா." பிறகு பார்த்தேன். "கனியோட கை அசையுது. வலது கை. விரலை மடக்குறாங்க."

அவர் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டார். "மடக்குதாளா" என்று மட்டும் கேட்டார். "ஆமாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கனி நினைவோடு இருப்பதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு பெண் அலுவலர் வந்து அந்த அம்மாவை மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப்போனார். தோள் பக்கம் காறை எலும்பில் விரிசல், வேறொன்றும் இல்லை என்று பின்னர் தெரிந்தது.

டில்லிபாபு சார் மேடைக்கு வந்து கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். விபத்துப் படம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மேலங்கியைக் கழற்றச் சொன்னார்.

"படம் எடுக்கல சார். அவங்க அம்மா கேட்டாங்க."

"தெரியும். பாத்துக்கினுதான் இருந்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "அந்தக் கை ஆடாம கெடந்திருந்தா, அந்தம்மாகிட்ட இன்னா சொல்லியிருப்ப?"

மேலங்கியை மடித்துக் கொடுத்தேன்.

மிச்சப் பந்தயத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்பதைப் பள்ளி இதழில் எழுதியிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: மூடிய ஷூ கட்டாயம். துப்பட்டா, தொங்கும் கழுத்துப்பட்டி எதுவும் வேண்டாம். மேடையில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். காதுக்குப் பஞ்சு நல்லது. உங்கள் வீட்டுப் பிள்ளை ஓட்டினால், உட்காருவதற்கு முன்பே மருத்துவக் கூடாரத்தில் உங்கள் பெயரையும் இருக்கையையும் சொல்லி வையுங்கள். சொல்லியிருந்தால் உடனே ஆள் வந்து கூட்டிப்போவார்களாம். கனியின் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

செய்தியாளராகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது, பார்த்துச் சொல்லும்படி உங்களைக் கேட்கக்கூடும். டில்லிபாபு சார் என்னிடம் கேட்டதற்கு உங்களிடம் விடை இருந்தால் கேமராவைத் தூக்கிப் பாருங்கள். இல்லையென்றால் கேமராவைக் கீழேயே வைத்துக்கொண்டு, வலை வழியாக, உங்களைக் கேட்டவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.