என் பாஸ்போர்ட்டுக்கு என்ன கேடு

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிப் பலகாரம் டப்பாவில் இன்னும் தீராமல் இருந்த ஒரு வாரத்தில் இது நடந்தது. நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருக்கிறேன். அங்கே ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை. காலைப் பசியாறல் முடிந்து பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது சிங்கப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்களாம். மறுநாள் காலையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப் போகிறார்களாம். எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "நீ வந்துடுவ இல்லம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் அவளுடைய பயம் எனக்குத் தெரிந்தது.

மருமகனுக்குக் கப்பலில் வேலை. அப்போது நடுக்கடலில் இருந்தார். மகளுக்கு முதல் கரு தங்கவில்லை. அந்தச் சமயத்திலும் நான் பக்கத்தில் இல்லை. இந்த முறை என்ன ஆனாலும் போய்விடுவது என்று அவளிடமும் சொல்லியிருந்தேன், சாமியிடமும் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு சிக்கல், என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. பிரசவத்துக்குத்தான் நாள் இருக்கிறதே, அடுத்த வாரம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். அன்று பினாங்குக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தார். அதனால் பிரிக்பீல்ட்சில் இருக்கும் நாத்தனாரைத் துணைக்குக் கூப்பிட்டேன். "இப்பல்லாம் ஒரு மணி நேரத்துல கையில குடுத்துடறாங்க அண்ணி. வாங்க, முடிச்சிட்டு நேரா பஸ் ஏத்தி விடறேன்" என்றாள். சாமி மேடையிலிருந்த பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் அவள் சொன்ன மாதிரிதான் நடந்தது. எனக்கு முன்னால் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், பேர் கூப்பிட்டதும் படம் எடுத்துக்கொண்டார்கள், கொஞ்ச நேரத்தில் சிவப்புப் புத்தகத்தோடு போனார்கள். என் முறை வந்தது. கவுண்டரில் ஒரு மலாய்த் தம்பி. எங்கே பயணம் என்று கேட்டார். மகளுக்குத் தலைப்பிரசவம், முதல் பேரப்பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பழைய பாஸ்போர்ட்டைத் திறந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஏதோ கருவியில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு, இது ரோசாக் ஆகியிருக்கிறதே, எப்படிக் கெட்டுப்போனது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாமி மேடையை விட்டு இறங்காத பாஸ்போர்ட் அது. அதற்கு என்ன கேடு வரப்போகிறது? அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்றேன். அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பார்த்தேன். என் படம் இருந்தது, என் பேர் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பக்கத்துக் கவுண்டரிலிருந்து இன்னொருவர் வந்து பார்த்தார். அவரும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். தண்ணீரில் விழுந்ததா? இல்லை. மை கொட்டிக் கறையானதா? இல்லை. யாராவது திருத்தப் பார்த்தார்களா? ஐயோ, இல்லவே இல்லை. பின்னே ஏன் இப்படி இருக்கிறது? எப்படி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். வேண்டுமென்றே குதர்க்கம் பேசுகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

என் நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. நான் திணறுவதைப் பார்த்து, காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நடுவில் புகுந்தாள். வீட்டில் இவங்க பேரன் கலர் பென்சிலால் கிறுக்கிவிட்டான் என்று மலாயில் அடித்துவிட்டாள். கவுண்டர் தம்பி மெதுவாக என் பக்கம் திரும்பினார். இப்போதுதானே முதல் பேரப்பிள்ளை என்றீர்கள் என்றார். நாத்தனார் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான், என்னை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். படியேறும்போது, "நீ ஏன் லா இல்லாததெல்லாம் சொல்ற?" என்று கேட்டேன். "நீங்க இருக்கறதயே சொல்ல மாட்டேங்கறீங்களே அண்ணி" என்றாள் அவள். எதைச் சொல்லவில்லை என்றே எனக்குத் தெரியவில்லையே.

மேலே ஓர் அதிகாரி அம்மா. என் வயதுதான் இருக்கும். நாத்தனாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் எதிரில் உட்கார வைத்தார். படம் இருந்த பக்கத்தில் விரலை வைத்து, இந்தச் சிவப்பு என்ன, டாராவா என்று கேட்டார். டாரா என்றால் ரத்தம். மகள் ஆபரேஷனுக்குப் படுத்திருக்கும் நேரத்தில் அந்த வார்த்தையா என் காதில் விழ வேண்டும்? ரத்தம் இல்லை, குங்குமம், நான்தான் வைத்தேன் என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இவர்கள் இவ்வளவு நேரமும் கறை, கேடு என்று கேட்டது இதைத்தானா? இதைப் போய் யாராவது கறை என்பார்களா?

விவரம் இதுதான். அந்தப் பழைய பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்த அன்று, வேலை முடிந்து அவசரத்தில் ஓடினேன். வியர்வையில் பொட்டு அழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பார்த்தால் பாழ் நெற்றியோடு என் படம். புருஷன் ராத்திரி பகலாக ரோட்டில் லோரி ஓட்டுகிறவர். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தோன்றும். சரஸ்வதி பூஜைக்கு லோரிச் சாவி, பத்திரங்கள், மகளின் பழைய புத்தகங்கள் எல்லாவற்றையும் மேடையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். பாஸ்போர்ட்டுக்கும் வைக்க வேண்டுமே. அட்டையோ சிவப்பு, வைத்தாலும் தெரியாது. அதனால் திறந்து, என் படத்தின் நெற்றியிலேயே வைத்துவிட்டேன். அப்படியே வருடா வருடம் வைத்தேன். சந்தனத்தின் ஈரத்தில் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கொஞ்சம் கிழிந்திருந்தது. அதையும் நான் கிழிசலாக நினைத்ததில்லை. பிரசாதப் பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் குங்குமத்தைக் கறை என்று யார் பார்க்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த மலாயில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அந்த அம்மா படத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் லோரிக்கு இப்படி வைப்பாராம். லோரிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், லோரியை யாரும் மெஷினில் வைத்துப் படிப்பதில்லை என்றார். நானும் சிரித்தேன். சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. கெட்டுப்போன பாஸ்போர்ட் என்றால் தனியாக விசாரணை எழுதி, மேலதிகாரி பார்த்த பிறகுதான் புதுசு தருவார்களாம். மேலதிகாரி அன்று வெளியே போயிருந்தார். நாளைக் காலையில் வாருங்கள் என்றார். நாளைக் காலையில் மகளுக்கு ஆபரேஷன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டத்தையும் வளைக்கவில்லை. அவர் எனக்கு நல்லது செய்கிறாரா கெட்டது செய்கிறாரா என்றே எனக்குப் புரியவில்லை.

அன்றிரவு பிரிக்பீல்ட்சில் நாத்தனார் வீட்டில் படுத்தேன். படுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் கதவு திறக்கும்போதே போய் நின்றேன். அந்த அதிகாரி அம்மா எனக்கு முன்னால் வந்து, என் தாள்களை மேலதிகாரி மேசையில் வைத்துக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். படம் எடுக்கும் இடம்வரை கூடவே வந்து, என் பொட்டு சரியாக இருக்கிறதா என்று அவரே பார்த்தார். புதுப் பாஸ்போர்ட்டைத் தரும்போது, ஏதாவது வைக்க வேண்டுமென்றால் இனிமேல் மேலுறைக்கு வையுங்கள் காக் என்றார். காக் என்றால் அக்கா.

பஸ் ஜொகூரைத் தொடும்போது வெயில் சாய்ந்துவிட்டது. எல்லை தாண்டிச் சிங்கப்பூர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெண் குழந்தை, என் உள்ளங்கை அகலத்துக்கு முகம். மகள் முகமெல்லாம் வீங்கிப் படுத்திருந்தாள். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி, வெளியில யாரு இருக்காங்கன்னு கேட்டாங்கம்மா. யாரும் இல்லன்னு சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது பேத்தி ஓடி விளையாடுகிறாள். அதிகாரி அம்மாவை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, நன்றியும் வருகிறது. ஆனால் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் குங்குமச் சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டின் முன்னால் திகைத்து நிற்கிறேன். நான் பொட்டு வைத்தது தப்பு என்று மனசு ஒப்பவில்லை, தப்பில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: என் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஒரு படத்தின் நெற்றியை நான் காத்துக்கொண்டிருந்தேன், என் பெண் பயத்தோடு உள்ளே போனபோது, வெளியில் யாரும் இல்லை.