நான் தடுத்து நிறுத்திய படையெடுப்பு

ஒரு படையெடுப்பை நான் தனி ஆளாகத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது நான் நாலாம் வகுப்பு படிக்கிற ஒன்பது வயதுப் பெண்.

எங்கள் ஊர் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்க்கோடியில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஆந்திரா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. எங்கள் ஆடுகள் தமிழ்நாட்டில் மேய்ந்துவிட்டு ஆந்திராவுக்கு வந்து படுத்துக்கொள்ளும். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும் என்று எங்கள் பிழைப்பு ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நைனா நகரியில் தறி ஓட்டினார். அம்மா கரும்பு வெட்டுக்குப் போவாள்.

எங்கள் வீட்டில் உலகம் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். தடா பக்கம் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வந்திருந்தன. அதில் ஒன்றில் ஐரோப்பாவிலிருந்து வந்த மேனேஜருக்கு அவர் கார் ஓட்டினார். மேனேஜர் பின் சீட்டில் உட்கார்ந்து போனில் பேசுவதை எல்லாம் சித்தப்பா முன் சீட்டில் கேட்டுக்கொண்டே வருவார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. கேட்டது பாதி, கையிலிருந்து போட்டுக்கொண்டது பாதி என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களுக்கு உலகச் செய்திகளைக் கொண்டுவந்து சேர்ப்பார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது முகமே சரியில்லை. மேனேஜர் காரில் அழுதுவிட்டாராம். ஆறடி உயரம், முறத்தளவு கை, அப்பேர்ப்பட்ட ஆள் அழுதார் என்றதும் அம்மா கூட அடுப்பை விட்டு வந்து நின்றாள்.

"அவரு ஊரு ரஷ்யாவ ஒட்டினாப்பல கீதாம். அம்மாகாரி எல்லையாண்ட தனியா இருக்காங்கோ. அடுத்தது எங்க ஊருதான்னு சொல்லிக்கினு அழுவறாரு" என்றார் சித்தப்பா.

என்ன நடந்தது என்று விளக்க அவர் தட்டிலிருந்த வேர்க்கடலையை எடுத்துப் பாயில் பரப்பினார். ஒரு பிடி கடலை ரஷ்யா. பக்கத்தில் நாலு கடலை உக்ரைன். கொஞ்சம் தள்ளி வெல்லத்துண்டுகள், அவை ஐரோப்பா நாடுகள்.

"இப்ப இவன் இன்னா பண்ணான்னா, 'அந்தப் பக்கம் என் பாஷ பேசறவங்கோ இருக்கறாங்கோ, அவங்களுக்குக் கஷ்டம், நான் காப்பாத்தறேன்'னு சொல்லிக்கினு பட்டாளத்த உள்ள வுட்டுட்டான். இவங்கோ எல்லாம் 'வாணாண்டா'ன்னு கத்திக்கினு இருக்காங்கோ. அவன் எங்க கேக்கறான்?"

சொல்லிவிட்டு உக்ரைனில் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தம்பி ஐரோப்பாவிலிருந்து ஒரு துண்டைத் திருடினான். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என் பாஷை பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது நாங்கள்தானே.

"வர்றதுக்கு முன்னாடி எத்தினி பேருன்னு எண்ணுவாங்களா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"பின்ன? எத்தினி பேர் பேசறாங்கோன்னு எண்ணாம எவனாச்சும் வருவானா?" என்றார். அவருக்குத் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்.

நைனா தன் பங்குக்குச் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம ஊரே ஒரு காலத்துல மெட்ராஸ் கூடத்தான் இருந்திச்சு. கோடு போட்டப்ப இந்தப் பக்கம் வந்துட்டம்" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்.

போதாக்குறைக்கு அந்த வருஷம் எங்கள் மாநிலத்தையே இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டீவியைப் போட்டால் வரைபடம், வரைபடத்தின் நடுவில் ஒரு கோடு. ஆகவே கோடு போடுவது என்பது நடக்கக்கூடிய காரியம்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அரக்கோணம் பக்கம் விமானத் தளம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் சாம்பல் நிற விமானங்கள் எங்கள் ஊருக்கு மேலே தாழப் பறக்கும். அதுவரை அவற்றுக்கு நாங்கள் டாட்டா காட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை ஒன்று வந்தபோது நான் காட்டவில்லை. மாட்டுக்கொட்டகைக்குள் ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

அதே திங்கட்கிழமைதான் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்த விஷயத்தைச் சொன்னார்.

எங்களுடையது தெலுங்குப் பள்ளிக்கூடம். முன்பு தமிழ் வகுப்புகளும் இருந்தனவாம். எங்கள் காலத்தில் மிஞ்சியது ஒரே ஒரு தமிழ் டீச்சர். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் தினம் ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்காரவைத்து எழுதப் படிக்கச் சொல்லித்தருவார். பெரிய அன்பான டீச்சர் என்றெல்லாம் சொல்ல முடியாது. நாங்கள் படிக்கப் படிக்க அவர் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருப்பார், தப்பாகப் படித்தால் தலை நிமிராமலே கிள்ளுவார். திருத்தணியிலிருந்து பஸ்ஸில் வந்து போனார். மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வரும் கைக்குழந்தைக்காக நாலு மணி பஸ்ஸைப் பிடித்தே ஆகவேண்டும். அதற்காகவே எங்கள் ஹெட்மாஸ்டர் சில நாள் மணியை இரண்டு நிமிஷம் முன்னாலேயே அடிக்கச் சொல்வார். அவர் தெலுங்குக்காரர், தமிழ் ஒரு வார்த்தை வராது. டீச்சர் கொண்டுவரும் வத்தக்குழம்பு மட்டும் நன்றாக வரும்.

"நாளைக்கி ஆபீசர் வந்து உங்களை எண்ணுவாரு. வூட்ல என்ன பாஷ பேசறீங்கோன்னு கேப்பாரு. உள்ளதச் சொல்லுங்கோ, போதும்" என்றார் டீச்சர்.

எண்ணுவாரு. சித்தப்பா சொன்ன அதே வார்த்தை.

டீச்சருக்கு அதில் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. முந்தின வாரம்தான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "புள்ளைங்க இல்லன்னு எழுதிட்டா போஸ்ட்ட எடுத்துருவாங்கோ. என்னைக் குப்பம் தாண்டி எங்கியாச்சும் தூக்கிப் போட்டா இந்தக் கொழந்தைய யார்கிட்ட வுட்டுட்டுப் போறது?" குப்பம் எங்கள் மாவட்டத்தின் மறுகோடி. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைக் கேட்டேன். ஆனால் போஸ்ட் என்பது ஒரு பேச்சு, பட்டாளம் என்பது இன்னொரு பேச்சு. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பம்புசெட்டுக்குப் பின்னால் மற்ற பதினொரு பேரையும் கூட்டினேன். சித்தப்பா சொன்னதை எல்லாம், கடலை வெல்லம் இல்லாமல், சொன்னேன். நாளைக்கு யார் கேட்டாலும் வீட்டில் தெலுங்குதான் பேசுகிறோம் என்று சொல்லவேண்டும் என்றேன்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மட்டும் சந்தேகம். "வர்றது நம்ம ஆளுங்கதான? வந்தா இன்னா?"

"வந்தா நடுவுல கோடு போடுவாங்கோ. உங்க மாட்டுக்கொட்டா அந்தப் பக்கம் பூடும்" என்றேன். அவன் உடனே சரி என்று தலையாட்டிவிட்டான்.

உண்மையில் எனக்கு அவன் மாட்டுக்கொட்டகையைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தெலுங்கு. என் பெஞ்சில் உட்காருகிறவள். என் தலையில் பேன் பார்க்கும் உரிமை அம்மாவுக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் இருந்தது. கோடு விழுந்தால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் வேலியில்தான் விழும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவளை விட்டுவிட்டு நான் எங்கேயும் போவதாக இல்லை.

மறுநாள் ஆபீசர் வந்தார். குடையும் ரிஜிஸ்டருமாக வந்த சாதாரண மனிதர். ஹெட்மாஸ்டர் நாற்காலி போட்டார், டீச்சர் ஃபால்ஸ் துணியைப் பையில் ஒளித்துவைத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இன்ட்லோ ஏ பாஷ மாட்லாடுதாரு?" என்று கேட்டார். வீட்டில் என்ன பாஷை என்பதுதான் கேள்வி.

"தெலுகு சார்."

"தெலுகு சார்."

மூன்றாவது பிள்ளைக்கே டீச்சரின் முகம் மாறிவிட்டது. என் தம்பி ஒன்றாம் வகுப்பு, அவன் முறை வந்தபோது விறைப்பாக நின்று, "நாங்கோ வூட்ல தெலுகுதான் பேசிக்கினு இருக்கோம் சார்" என்று முழுசாகத் தமிழிலேயே சொன்னான். ஹெட்மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் சிரிக்கவில்லை, குழம்பிப்போனார். ரிஜிஸ்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். யாராவது ஒரு பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைப் படித்துக் காட்டினால்கூடப் போதும் என்றார்.

டீச்சர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். பன்னிரண்டு பேரில் தட்டுத் தடுமாறாமல் படிக்கிறவள் நான் ஒருத்திதான். என்னை மட்டும் அவர் கிள்ளியதே இல்லை. "நீ படிடீ கண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து கண்ணு என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பக்கம் திறந்திருந்தது. கொக்கு, குளம், மீன். கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பேன். எழுத்துகள் ஒவ்வொன்றும் தாமாகவே என் கண்ணுக்குள் வந்து வார்த்தையாகின. அவற்றை வராதே வராதே என்று பிடித்துத் தள்ளுவதுதான் கஷ்டமாக இருந்தது.

"சதவடம் ராது சார்" என்றேன். படிக்க வராது.

டீச்சர் புத்தகத்தை மூடவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு பட்டாளம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். விமானங்கள் மேலே போயின, ஒன்றும் இறங்கவில்லை. நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். சித்தப்பாவின் மேனேஜர் மேல் எனக்குப் பரிதாபம்கூட வந்தது. அவர் ஊரில் என்னைப் போல ஒருத்தி இல்லையே என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. தம்பிக்கு இன்றுவரை தமிழ் படிக்க வராது. எனக்குத் தமிழில் சேதி அனுப்ப வேண்டுமானால் இங்கிலீஷ் எழுத்தில்தான் அனுப்புகிறான். அவனுக்கு எழுத்து கூட்டச் சொல்லித்தர வேண்டியவரை நான்தான் அனுப்பிவைத்தேன்.

கோடை விடுமுறைக்கு முன்னால் டீச்சருக்கு ஆர்டர் வந்தது. அவர் பயந்தபடியே குப்பம் தாண்டித்தான். கடைசி நாள் நாலு மணிக்கு நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை, போகவேண்டும் போல இருந்தது. டீச்சர் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கீழே குனிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லு. யாருடீ உங்களை அப்படிச் சொல்லச் சொன்னது? யாராச்சும் மெரட்டினாங்களா?"

பட்டாளம் வரவிருந்த விஷயத்தை எப்படிச் சொல்வது? அவர் இப்போது பஸ் ஏறி நேராக அந்தப் பக்கம்தானே போகப்போகிறார். சொன்னால் எல்லாம் வெளியே தெரிந்துவிடும், மறுபடி எண்ண வந்துவிடுவார்கள்.

"ஹெட்மாஸ்டர் சாரா?" என்றார் மெதுவாக.

நான் தரையைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். ரகசியத்தைக் காப்பாற்றும் பரபரப்பில் அதுகூடத் தோன்றவில்லை.

டீச்சர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பத்து வருஷம் கூட ஒக்காந்து சாப்பிட்டாரு" என்று மட்டும் சொன்னார், என்னிடம் இல்லை.

அப்போதுதான் ஹெட்மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஒரு கையில் சால்வை, ஒரு கையில் குழந்தைக்கென்று ஒரு பை சாத்துக்குடி. போஸ்ட்டைக் காப்பாற்ற அவர் சித்தூருக்கு இரண்டு தடவை போய்வந்தார் என்பதை நைனா சொல்லி நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. "டீச்சரம்மா" என்று சிரித்துக்கொண்டே பையை நீட்டினார். டீச்சர் அதைப் பார்க்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பஸ் வந்தது, ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

பஸ் ஓடையைத் தாண்டும்வரை ஹெட்மாஸ்டர் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். பிறகு என்னைக் குனிந்து பார்த்து, "டீச்சரம்மகி ஏமய்யிந்தம்மா?" என்று கேட்டார். அவருக்கு என்ன ஆச்சு என்று.

"தெலீது சார்" என்றேன். தெரியாது என்று.

அந்த ஒரு தடவை நான் பொய் சொல்லவில்லை.