அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் நின்ற வேலி

அண்ணன் காலமான செய்தி, விருதுநகர் மிளகாய்க் கமிஷன் கடையில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்தது. சொன்னவர் கடைக்காரர். எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் அண்ணன் வீடு என் வீட்டுக்கு அடுத்த வீடு. வெட்கக்கேடு, வேறென்ன!

சங்கரலிங்க அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார்கள். வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏறிய மின்சாரம் அதில் இறங்கிவிடும். முதலாளியே வந்தாலும் தொடாமல் விடமாட்டார்கள். கோபத்தோடு வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்வார்கள்: "தொட்டுட்டுப் பேசுங்க."

அப்படிப்பட்டவருக்கும் எனக்கும் பொதுக்கிணற்றால் பகை. என் மோட்டாரைக் கழற்றிவிடுவார்களோ என்று பயந்து நான் முள்கம்பி வேலி போட்டேன். கிணற்றுக்குப் போகும் வழியை அடைத்துவிடுவேனோ என்று பயந்து அவர்களும் ஒரு வேலி போட்டார்கள். நான் கேமரா வைத்தேன். அவர்கள் நாய் வாங்கினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்கும் எண்ணம் இருவருக்குமே இல்லை.

ஒருநாள் டீக்கடை டிவியில் போர்ச் செய்தி ஓடியது. இளவட்டங்கள் கைதட்டினார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னார்கள்: "எதுக்குலே தட்டுதீக? அவன் அடிக்கதுக்கு முந்தி நாம அடிச்சிரணும்னு ரெண்டு பேருமே நெனைக்கான். நாடா இருந்தா என்ன, எங்க வேலியா இருந்தா என்ன? எல்லாம் பயந்தான். தெரிஞ்சு என்ன செய்ய? மொத ஆளா எறங்க எவனுக்குலே தைரியம் இருக்கு?"

போன மாதம் அவர்களே போன் செய்தார்கள்.

"ஏலே, வேலிய எடுத்துருவமா?"

"மொதல்ல நீங்க எடுங்கண்ணே."

"நான் எடுத்த பெறகு நீ எடுக்கலேன்னா?"

இருவரும் சிரித்துவிட்டோம். வேலி அப்படியே இருந்தது.

சுடுகாட்டில் பால் ஊற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, என் வேலியைப் பிடுங்கிவிடக் கடப்பாரையோடு போனேன். முதல் கல்லுக்காலை அசைத்ததும் அண்ணன் மகன் ஓடிவந்தான். அவன் கையிலும் ஒரு கடப்பாரை.

"என்ன செய்யப் போறீக சித்தப்பா?"

"என் வேலியத்தான்யா எடுக்கப் போறேன்."

அவன் நம்பவில்லை. கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம்.

"அப்ப கடப்பாரையக் கீழ போடுங்க."

"மொதல்ல நீ போடு."

ஐயோ, அதைத்தான் சொன்னேன்.

அண்ணே, இதை எழுதும்போதும் இரண்டு கடப்பாரைகளும் வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சாய்ந்து நிற்கின்றன. போய் வாருங்கள். தொட்டுவிட்டுப் பேசச் சொல்ல, இனி எங்கள் இருவருக்கும் ஆளில்லை.