சித்திக்காக எடுத்து வைத்த பலெர்மோ

வியாழக்கிழமைப் பின்னேர பஸ்ஸுக்கென்று ஒரு மணம் இருந்தது. தரை துடைக்கும் திரவத்தின் எலுமிச்சை வாசம், அதன்மேல் அவசரமாகப் பூசிய பவுடர்...

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பணக்கார மாடிவீடுகளிலிருந்து எங்கள் தமிழ்ப் பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் இறங்கி வருவார்கள். அம்மாவும் அவர்களில் ஒருவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பஸ் தரிப்பில் அவருக்காக நிற்பேன்.

பிறகு நாங்கள் இருவரும் ஊர் சுற்றப் போவோம்.

சுற்றுவது என்றால் வாசல்வரை போவது. மொண்டெல்லோ கடற்கரையில் வரிசையாக நிற்கும் மரக் குடில்களை வெளியே நின்று பார்ப்போம். பாவைக்கூத்துக் கொட்டகையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும், கவசம் அணிந்த பொம்மைகளைப் பார்ப்போம். கால்சாவின் கடலோரப் புல்வெளியில், குடை ராட்டினம் நாலு சுற்றுச் சுற்றும்வரை நின்றுவிட்டு நடப்போம்.

எல்லாவற்றிலும் மேலானது ஸ்ஃபெர்ராகவால்லோ. அங்கிருந்து சின்ன வள்ளங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மலையடிவாரத்துக் குகைகளைக் காட்டப் போகும். டிக்கெட் தரும் பலகைக்கூண்டில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. குகைக்குள் நீலக் கண்ணாடிபோலத் தண்ணீர். அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நிற்பார்.

"ஏறுவமா அம்மா?"

"சித்தி வரட்டும். எல்லாரும் சேர்ந்து ஏறுவம். இப்பவே போயிட்டா, பிறகு அவளோடை போகேக்கை என்ன புதினம் இருக்கும்?"

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. யாழ்ப்பாணத்தில் இருந்தார். பலெர்மோவுக்கு வர விசா கேட்டிருந்தார்.

எங்கள் வீட்டு அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று கண்ணாடிக் கோப்பைகள் இருந்தன. நாங்கள் அவற்றில் ஒரு நாளும் குடித்ததில்லை. அந்தக் கோப்பைகளைப்போல ஊரையே எடுத்து வைத்திருந்தோம்...

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போன் கார்டைச் சுரண்டி சித்தியோடு கதைப்பார். போஸ்டரில் பார்த்ததெல்லாம் அப்போது நேரில் கண்டதுபோல வாயில் வரும்.

"தண்ணியைப் பாத்தா கை விட்டு அள்ளோணும் போல கிடக்குமடி. உள்ளுக்குப் போனா குளிரும். நீ வா, நான் காட்டுறன்."

முதல்முறை விசா மறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறையும் மறுத்தார்கள். நான் வளர்ந்தேன். அம்மாவோடு சுற்ற வெட்கப்படும் வயதும் வந்து போனது. மேல்வகுப்புக்கு வந்த பிறகுதான் சித்திக்கு விசா கிடைத்தது.

பெட்டி நிறைய மிளகாய்த்தூளும் பனங்கட்டியுமாக வந்து இறங்கினார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அம்மா தன் திட்டத்தை விரித்தார். வியாழன் வள்ளம், ஞாயிறு கடற்கரை, அடுத்த வியாழன் பாவைக்கூத்து.

சித்தி சிரித்தார். "உனக்கு என்ன விசரே அக்கா? கிழமை முழுக்க ஆக்களின்ரை வீட்டைத் துடைச்சுப்போட்டு வாறாய். கிடைக்கிறது ஒரு அரைநாள். நீ பாத்துப் பாத்து அலுத்த இடமெல்லாம் எனக்காகத் திரும்ப அலையப் போறியே? விடு. வீட்டிலை இருந்து கதைப்பம்."

நான் வாயைத் திறந்தேன். "சித்தி, நாங்கள்..."

மேசைக்கடியில் அம்மா என் காலை மிதித்தார்.

"ஓம்," என்றார் சித்தியிடம். "எனக்கும் அலுத்துத்தான் போச்சு."

இத்தனை காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, டிக்கெட் கூண்டுக்கு அப்பால் போனதில்லை என்று தங்கையிடம் எப்படிச் சொல்வார்?

கடைசியில் நாங்கள் சித்தியோடு போன ஒரே இடம் ஊர் விளிம்பில் இருக்கும் பெரிய கடைத்தொகுதி. அதுவும் யாழ்ப்பாணத்து ஊராருக்குச் சாமான் வாங்கத்தான். நகரும் படியில் கால் வைக்கப் பயந்து சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அக்கா, விட்டுடாதை!" இரண்டு பேரும் மேலே போய்ச் சேரும்வரை சிரித்தார்கள். சொக்லேட், வாசனைத் திரவியம், யாரோ ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து... வாங்கி முடிய இருட்டிவிட்டது.

மற்ற நாட்களெல்லாம் வீட்டில் இருந்து கதைத்தார்கள். விசா முடிந்ததும் சித்தி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போது சித்தப்பா படுக்கையில். சித்தியால் வீட்டை விட்டு நகர முடியாது.

எனக்கு வேலை கிடைத்ததும் அந்த இடங்கள் சாதாரணமாகிவிட்டன. தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த தோழி ஒருத்தி, "நீங்க லோக்கல் ஆளாச்சே, எங்க போலாம் சொல்லுங்க" என்று கேட்க, அவளை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனேன். வள்ளத்திலும் ஏறினேன். போஸ்டரில் இருந்த அதே நீலம். ஆனால் அம்மாவுக்கு முன்னால் நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பது அன்று முழுவதும் உறுத்தியது.

இந்தக் கோடையில்தான் அம்மாவைக் கூட்டிப்போனேன். "அவள் இல்லாமல் என்னத்துக்கு?" என்றார். ஆனாலும் நல்ல சேலை உடுத்தி வந்தார். வள்ளம் ஆடியதும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

முன்பு வாயால் சொல்லிக் காட்டிய கடல். இப்போது அதையே அனுப்பலாம்... நான் சித்திக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"அக்கா, இன்னும் அதிலை ஏறி உனக்கு அலுக்கேல்லையே?" என்று சிரித்தார் சித்தி. பிறகு திரைக்கு அருகே குனிந்து கடலைப் பார்த்தார். "எனக்கும் வர ஆசையாத்தான் கிடந்தது அக்கா. நீ களைச்சு வாறாய் எண்டுதான் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனான்."

வள்ளம் பாறையோடு ஒட்டித் திரும்பியது. சிக்னல் அறுந்து, திரையில் சித்தியின் முகம் அப்படியே உறைந்து நின்றது.

அம்மா அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார். "நானும் இண்டைக்குத்தானடி முதல்முதலா ஏறுறன்."

பாறையைக் கடந்ததும் படம் அசைந்தது. "என்ன சொன்னனி அக்கா? ஒண்டும் கேக்கேல்லை."

"ஒண்டுமில்லை," என்றார் அம்மா. "தண்ணியைப் பார்."