ஐந்து மணி பஸ்ஸுக்கு எதிராக ஒரு கை

கண்டக்டராக இருந்தவனுக்கு எந்தச் சண்டையும் பழகிவிடும். அன்றைக்குச் சண்டையே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

அந்தமானில் எங்கள் பஸ் தோட்டத்துப் பக்கமிருந்து பாம்பூபிளாட் ஜெட்டிக்குப் போகும். அங்கே ஃபெர்ரி ஏறினால் அக்கரையில் சாத்தம், போர்ட் பிளேர். காலை ஐந்து மணி முதல் ட்ரிப்பை ஆறரைக்கு மாற்றச் சொல்லி ஊர்க்காரர்கள் டிப்போவைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரே முடிவு செய்யட்டும் என்று டிப்போ கைகழுவியது. பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள்.

"ஜனதா கா ஃபைஸ்லா, ஜனங்க முடிவு. அப்புறம் யாரும் எங்கிட்ட வந்து அழக்கூடாது, சம்ஜே?" என்றார் பிரதான், பஞ்சாயத்துத் தலைவர். "ஆறரைக்குக் கை தூக்குங்க!"

ஹால் முழுக்கக் கை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த பஸ் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான்; பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்பிப் பாருங்கள், தெரியும். ஆனால் பார்வதி அக்காவும் கை தூக்கியிருந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வீட்டுக்காரர் ராசு அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் போர்ட் பிளேரில் டயாலிசிஸ், காலை ஏழு மணி ஷிஃப்ட். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும்.

"என்னக்கா இது? அண்ணன் எதுல போவாரு?"

"பேசாம இருங்க தம்பி. எங்க ஒரு வீட்டுக்காக ஊர்ப் புள்ளைங்க எல்லாம் தூக்கம் கெடணுமா? ஆட்டோ கீட்டோ பாத்துக்குவோம்."

அந்த நேரத்துக்கு அங்கே ஆட்டோ ஏது? எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து, ஹாலுக்கே கேட்கும்படி விஷயத்தைச் சொன்னேன்.

ஆறரை வேண்டுமென்று முன்னால் நின்றவர் வங்காளி வாத்தியார் மண்டல். "அரே, ஹமே மாலூம் நஹி தா, தெரியாமப் போச்சே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணனுக்கு நோய் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த பஸ்ஸில் போகிறார் என்று யாரும் யோசித்ததில்லை.

பிரதான் தொண்டையைச் செருமினார். "போட்ட ஓட்டு போட்டதுதான். ஆனா இன்னொரு கேள்வி கேக்கலாமில்ல? டயாலிசிஸ் நாள்ல அஞ்சு மணி, மத்த நாள்ல ஆறரை. வேணாங்கிறவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை எழுந்தது. பார்வதி அக்காவின் கை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராசு அண்ணன், ஊசி குத்திக் குத்தித் தடித்த தன் கையால் அதைப் பிடித்து இறக்கினார்.

"போதும் புள்ள. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே."

என் கண் நிறைந்துவிட்டது. மறுநாளே டிப்போவில் பேசி அனுமதி வாங்கினேன்.

வாக்கெடுப்பே கூடாது என்று சொல்ல நான் யார்? கையை எண்ணுவதற்கு முன்னால், இதில் யாருக்கு அடி விழும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களே வாய்விட்டுச் சொல்வார்கள் என்று மட்டும் நம்பாதீர்கள்.