இன்ஜின் மூடியில் பொங்கிய பணிஸ்

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலை வழியாக ஹட்டனுக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏழே பேர்தான் இருந்தோம்: டிரைவர், கண்டக்டர், லீக்ஸ் காய்கறி மூட்டைகளோடு ஒரு அம்மா, கிளினிக்குக்குப் போகும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, அவள் கணவன், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிய ஒரு ஐயா, பிறகு நான். என் மடியில் ஒரு தட்டு, பக்கத்து சீட்டில் ஒரு தட்டு. இரண்டிலும் சேர்த்து ஐம்பது பணிஸ், அதாவது பன். இன்னும் சுடாதவை, வெறும் மா உருண்டைகள்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கொழும்பில் ஒரு வீட்டில் ஆறு வருடம் வேலை செய்தபோதுதான் பஞ்சு மாதிரி பணிஸ் செய்யப் பழகினேன். கல்யாணமாகித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து கொழுந்து பறித்தேன். முதுகு வலி வந்து, இனிமேல் கூடை சுமக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்து என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், என் மகளின் டீச்சர் நான் செய்த பணிஸைச் சாப்பிட்டுப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "வெள்ளிக்கிழமை எங்கட மீட்டிங்குக்கு ஐம்பது செய்து தாங்கோ. நல்லாயிருந்தா ஒவ்வொரு வெள்ளியும் உங்களிட்டயே எடுப்பம்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான்.

எங்கள் லயத்து வீட்டு அடுப்பில் சட்டிக்கு மேலும் கீழும் தணல் போட்டுப் பத்துப் பணிஸ் சுடலாம். ஐம்பது முடியாது. தலவாக்கலையில் ஒரு பேக்கரிக்காரர், காலைப் பாண் ரொட்டியை எடுத்த பிறகு ஏழரைக்கு அரை மணி நேரம் போரணை அடுப்பைத் தருவதாகச் சொன்னார். எட்டு மணிக்கு அவருடைய அடுத்த பாண் உள்ளே போய்விடும். அதனால் வீட்டிலேயே மா பிசைந்து உருட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் போகப் போகப் பொங்கிவிடும் என்று நினைத்தேன்.

அது கொழும்புக் கணக்கு. அங்கே மேசையில் வைத்தாலே ஒரு மணி நேரத்தில் மா இரண்டு மடங்காகும். இங்கேயோ அடைமழை, பஸ்ஸின் ஷட்டர் இடுக்கில் எல்லாம் குளிர். போதாததற்கு என் கையும் சும்மா இருக்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை துணியைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கத் தூக்க உள்ளே குளிர் போனது. உருண்டைகள் போட்டது போட்டபடி கிடந்தன.

"என்னா புள்ள, உள்ள கோழிக்குஞ்சா இருக்கு? தொறந்து தொறந்து பாக்குற" என்றார் லீக்ஸ் அம்மா.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. முதுகு வலி, டீச்சர், போரணை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கண்டக்டர் அதைச் சிங்களத்தில் டிரைவருக்குச் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். இறக்கிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் மூடியின் மேல் இரண்டு சோற்றுப் பார்சல்கள் இருந்தன. அவற்றை எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்தார். "அக்கே, இங்க வைங்க. நம்ம சோறு எல்லா நாளும் இங்கதான் சூடு" என்றார், தெரிந்த தமிழில்.

"நேரா வச்சா அடி வெந்துரும்" என்று லீக்ஸ் அம்மா ஒரு வெறும் சாக்கை மடித்துக் கீழே போட்டார். பிள்ளைத்தாய்ச்சி தன் கம்பளிச் சால்வையைக் கழற்றித் தட்டுகளின் மேல் போர்த்தினாள். அவள் கணவன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க கடைசி சீட்டுக்குப் போங்க. பக்கத்துல இருந்தா உங்க கை நிக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் பிரேக்கை மெதுவாகத்தான் மிதித்தார்.

தலவாக்கலையில் கண்டக்டர்தான் துணியைத் தூக்கினார். உருண்டைகள் உப்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, இடையில் இடமே இல்லாமல் நின்றன.

"ஸ்கூல் பஸ் மாதிரி நெரிச்சுக்கிட்டு இருக்கு, பாருங்க" என்றார்.

ஆளுக்கு ஆள் கை மாற்றித் தட்டுகளை இறக்கித் தந்தார்கள். பஸ் ஹட்டன் பக்கம் போய்விட்டது. பேக்கரி வாசலுக்கு வந்த பிறகுதான், டிக்கெட்டே எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நேரத்துக்குச் சுட்டு எடுத்தபோது, நாலு பணிஸ் மட்டும் இன்ஜின் சூட்டில் அடி தடித்துப் போயிருந்தன. டீச்சரிடம் மறைக்காமல் சொல்லி நாற்பத்தாறைக் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். அது மெல்ல மேலே எழும்பி வந்தது. "அடுத்த வெள்ளியும் ஐம்பது" என்றார். இன்றுவரை அந்த வேலையில்தான் எங்கள் வீட்டுக்கு அரிசி வருகிறது.

அடுத்த வாரம் டிக்கெட் காசையும் பணிஸையும் எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸுக்குப் போனேன். வேறு டிரைவர், வேறு கண்டக்டர். அவர்களை வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்குப் பிறகும் பல தடவை விசாரித்தேன், கிடைக்கவில்லை.

என் பயத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாழ்ந்தவள் நான்; வாய் விட்டுச் சொன்னால் கைகொடுக்க ஆள் இருக்கிறது என்று காட்டிய அந்தப் பயணத்துக்கு, நான் இன்னும் எண்பது ரூபாய் பாக்கி.